எட்டாத அலமாரி

ஆசிரியருக்கு,

பிள்ளை புத்தகத்தைத் தொடுவதே இல்லை என்று குறைப்படும் வீடுகளில் புத்தகங்கள் பெரும்பாலும் கண்ணாடி அலமாரிக்குள்தான் இருக்கின்றன. ஏழெட்டை மட்டும் எடுத்துக் குழந்தையின் இடுப்பு உயரத்தில், அட்டை தெரியும்படி சாய்த்து வையுங்கள். புத்தகத்தின் முதுகு மட்டும் தெரிந்தால் எழுத்தறியாத பிள்ளைக்கு எல்லாம் ஒன்றுதான்.

தூங்கும் முன் 15 நிமிடம் வாசித்துக் காட்டுவதை, குழந்தை எழுத்துக்கூட்டத் தொடங்கியதும் பலர் நிறுத்திவிடுகிறார்கள். தவறு. 'வண்... ணத்... துப்...' என்று திணறும் பிள்ளைக்குக் காதால் கேட்டால் பெரிய கதையே புரியும். ஒரு பக்கத்தில் 5 சொல்லுக்கு மேல் தடுக்கினால் அந்தப் புத்தகத்தை நீங்களே படித்துக் காட்டுங்கள். பிள்ளை தானே படிக்கும்போது தடுக்கிய சொல்லை உடனே எடுத்துக் கொடுக்காமல் 5 விநாடி பொறுங்கள். ஒரே கதையைப் பத்தாம் முறை கேட்டாலும் படியுங்கள் (அலுப்பு நமக்குத்தான்). முடிந்ததும் 'என்ன புரிந்தது, சொல்' என்ற பரீட்சை மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்