நாலு நாள் மலைக்குப் போ

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. தை மாதம் கிரகப்பிரவேசம் என்று எழுதியிருக்கிறாய், குடும்பத்தோடு வந்துவிடுகிறோம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுநாளே சீரியல் போடச் சொல்லி ரகளை.

மாசக்கணக்கில் ஓடியும் ஆறு கிலோமீட்டரைத் தாண்ட முடியவில்லை, நம்ம உடம்புக்கு இவ்வளவுதான் போல என்கிறாயே, படித்ததும் ரோஜர் பேனிஸ்டர்தான் ஞாபகத்துக்கு வந்தார். 1954 மே 6 அன்று ஆக்ஸ்போர்டில் ஒரு மைலை 3 நிமிடம் 59.4 விநாடியில் ஓடியவர். நாலு நிமிடத்துக்குள் முதல் ஆள். மனத்தடையை உடைத்தார் என்று மேடைக்கு மேடை சொல்வார்கள். அதற்கு முந்தைய மாதம் நடந்ததை யாரும் சொல்வதில்லை.

அவருடைய பயிற்சி, 440 கஜச் சுற்று, அதாவது கால் மைல், பத்து தடவை. ஒவ்வொன்றுக்கும் நடுவே இரண்டு நிமிட இடைவெளி. ஒரு சுற்றை 60 விநாடிக்குள் கொண்டுவர வேண்டும். எவ்வளவு முக்கியும் 61-லேயே நின்றது. மனுஷன் இன்னும் கூடுதலாக ஓடவில்லை. பயிற்சியை அப்படியே போட்டுவிட்டு, நண்பர் கிறிஸ் பிரேஷரோடு ஸ்காட்லாந்துக்குப் பாறையேறப் போய்விட்டார். சில நாள் கழித்துத் திரும்பி வந்து ஓடினால் 59! பந்தயத்துக்கு முன்பும் சில நாள் முழு ஓய்வுதான்.

நீ என்னடா என்றால், நைட் ஷிப்ட் முடித்துத் தூக்கக் கண்ணோடு வந்து, செவ்வாய்க்கிழமை வேக ஓட்டம் என்று சுவரில் ஒட்டியிருக்கிறதே என்பதற்காக ஓடுகிறாய். உன் ஷிப்ட் அந்தத் தாளுக்குத் தெரியுமா? ஓடும்போது உடம்பு தேய்கிறது. தேறுவது தூக்கத்திலும் ஓய்விலும்தான். தூங்காத நாளில் அரை மணி நடந்தால் போதும். தெம்பான நாள் வியாழனாக இருந்தால் வேகத்தை அன்றைக்கு வைத்துக்கொள். முழங்காலில் ஒரே இடத்தில் வலித்தால் மட்டும் டாக்டரிடம் காட்டிவிடு, அதற்கு என் யோசனை எடுபடாது.

இப்போதைக்கு நாலு நாள் ஷூவைத் தொடாதே. அழகர்கோவிலில் இருந்து மலைமேல் இருக்கிற நூபுர கங்கைச் சுனைக்குப் பஸ்ஸில் போகாமல் நடந்து ஏறு, குரங்குக்குப் பயந்து கையில் பை வேண்டாம். வந்து ஓடிப் பார்த்துவிட்டு எழுது.

கிரகப்பிரவேசத் தேதி முடிவானால் முன்கூட்டியே சொல், டிக்கெட் போட வேண்டும். மாலதியையும் பிள்ளைகளையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
ராஜாராம்