உப்பு ஜாடி

அன்புள்ள கண்ணனுக்கு,

நேற்று நீ போனில் சொன்னது மனதை விட்டுப் போகவில்லை. கேன்டீனில் நீ சாதத்தில் உப்பு தூவுவதைப் பார்த்து, "இந்த வயசிலேயே பி.பி. வந்துடும்" என்று யாரோ சொல்ல, பத்து நாளாகக் குறைத்துவிட்டாய். அப்புறம், ராத்திரியில் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறது என்றாய். அதற்கு இதுதான் காரணம் என்று எனக்குப் படுகிறது.

நீ ஏழாம் மாதமே பிறந்தவன். பனிக்குட நீர் அளவுக்கு மீறி இருந்தது. வயிற்றுக்குள்ளேயே நீ அவ்வளவு சிறுநீர் கழித்திருக்கிறாய். முதல் சில நாள் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி நின்றது, பிறகு இறங்கியது இறங்கியதுதான். மூன்று வயதில் சமையலறைக் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து, உப்பு ஜாடியில் விரலை விட்டு நக்கிக்கொண்டிருந்தாய். அதட்டி ஜாடியைப் பிடுங்கினேன். உன் உடம்பு கேட்டதைத்தான் பிடுங்கினேன் என்பது, சிறுநீரகத்தில் உப்பு தங்காத பார்ட்டர் நோய், இரண்டாம் வகை என்று ஜீன் பரிசோதனையில் வந்த பிறகுதான் புரிந்தது.

சிறுநீரகம் வடிகட்டும் உப்பில் கால் பங்கை, அதன் நுண்குழாயில் உள்ள ஹென்லி வளைவின் ஏறுபகுதி திரும்ப இழுத்துக்கொள்ளும். சோடியமும் குளோரைடும் பொட்டாசியத்தோடு சேர்ந்துதான் உள்ளே போகும். குழாயில் பொட்டாசியம் கொஞ்சம்தான் உண்டு. உள்ளே போன பொட்டாசியத்தை மறுபடி குழாய்க்குள் விட ரோம்கே என்று ஒரு வாசல் இருக்கிறது. உனக்கு அந்த வாசல்தான் பழுது. 1996-இல் யேல் பல்கலைக்கழகத்தில் லிஃப்டன் குழுவினர், இந்த வாசல் பழுதானால் இந்த நோய் வரும் என்று கண்டுபிடித்தார்கள். வாசல் அடைத்தால் குழாயில் பொட்டாசியம் போதாமல், இழுக்க முடியாத உப்பு சிறுநீரோடு போய்விடும். அதை ஈடுகட்ட உடம்பு ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனைக் கூட்டும். அது சோடியத்தைப் பிடித்து வைத்துப் பொட்டாசியத்தை வெளியே தள்ளும். நீ உப்பைக் குறைத்தால் அந்த ஹார்மோன் இன்னும் கூடும், பொட்டாசியம் இன்னும் இறங்கும், கெண்டைக்கால் இழுக்கும். மற்றவர்களுக்குச் சொல்கிற பி.பி. கணக்கு உனக்குப் பொருந்தாது, கண்ணா.

அப்பா எனக்கு அத்தை மகன். அந்த ஜீனின் பழுதான பிரதி எங்கள் இரண்டு பேரிடமும் ஒவ்வொன்று இருந்தது, எங்களை ஒன்றும் செய்யவில்லை. நாலில் ஒரு வாய்ப்புதான், அது உனக்கு வந்தது. இதை நினைக்காத நாள் எனக்கில்லை.

நாளைக் காலையிலேயே டாக்டரைப் பார்த்து ரத்தம் கொடு. பொட்டாசியம் சிரப் கசந்தாலும் தண்ணீர் கலந்து குடித்துவிடு, ஒரு வேளையும் விடாதே. வாந்தி, பேதி வந்தால் அறையில் படுத்திருக்காதே. நோய் விவரம் எழுதிய அந்தக் கடிதத்தோடு உடனே ஆஸ்பத்திரிக்குப் போ. நார்த்தங்காய் ஊறுகாய் இரண்டு பாட்டில் கூரியரில் போட்டிருக்கிறேன்.

ரிசல்ட் வந்ததும் போட்டோ எடுத்து அனுப்பு. முழித்துக்கொண்டே இருப்பேன்.

அம்மா