பதில் புத்தகத்தில் இல்லாத கேள்வி

மறைக்கல்விப் பாடங்களை வகுக்கும் தந்தையர்க்கும் அருட்சகோதரிகளுக்கும்,

வணக்கம். கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து எழுதுகிறேன். ஞாயிறு திருப்பலி முடிந்ததும் ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி எடுப்பவள் நான்.

இந்த ஆண்டு ஒரு கையேடு அனுப்பினீர்கள். நூறு கேள்வி, நூறு பதில். மனப்பாடமாக ஒப்பிப்பவருக்குப் பரிசு என்று சுற்றறிக்கையும் வந்தது. நம் விசுவாசத்தைப் பற்றி யாராவது கேட்டால் பிள்ளைகள் விழிக்கக் கூடாது என்பது உங்கள் கவலை. எனக்கும் அதே கவலைதான். ஆனால் கையேடு வந்த மூன்றாம் வாரம் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு சிறுமி முகம் வாடி வந்து உட்கார்ந்தாள். பள்ளியில் அவளுடைய தோழி அப்பர் கதையைச் சொல்லியிருக்கிறாள்; கல்லோடு கட்டிக் கடலில் எறிந்தார்கள், அந்தக் கல்லே தெப்பமாகி அவரைக் கரை சேர்த்தது என்று. எங்கள் ஊரில் அது வெறும் ஏட்டுக் கதை அல்ல. கரையேறவிட்டகுப்பம் என்று ஊரே இருக்கிறது. இவள் கையேட்டில் படித்தபடி, "அதெல்லாம் கட்டுக்கதை" என்றிருக்கிறாள். "அப்படியானால் உங்கள் பேதுரு தண்ணீர்மேல் நடந்தது மட்டும் என்னவாம்?" என்று கேட்டுவிட்டு, தோழி டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு வேறு பெஞ்சுக்குப் போய்விட்டாள்.

"இதற்கு எத்தனையாவது கேள்வியில் பதில் இருக்கிறது, டீச்சர்?"

நூறில் இல்லை. இருந்திருந்தாலும் அந்த டிபன் பாக்ஸ் திரும்பி வந்திருக்காது.

ஏதென்சு நகரில் சிலைகளைக் கண்டு உள்ளம் கொதித்தவர்தான் திருத்தூதர் பவுல். ஆனாலும் அரயோபாகு மன்றத்தில் பேச எழுந்தபோது, 'அறியாத தெய்வத்துக்கு' என்று எழுதியிருந்த அவர்களுடைய பீடத்திலிருந்துதான் தொடங்கினார். அவர்களுடைய கவிஞர்களின் வரியையே எடுத்துக்காட்டினார். முதலில் ஊரைச் சுற்றிப் பார்த்திருக்கிறார், பாட்டைக் கேட்டிருக்கிறார். எனவே அந்தச் சிறுமியிடம், "அப்பர் கதையை முதலிலிருந்து சொல்லச் சொல், குறுக்கே பேசாமல் கேள்" என்று அனுப்பினேன். தோழியின் பாட்டியே சொன்னாராம். கூடவே சுண்டலும் கிடைத்ததாம். தோழி கிறிஸ்தவள் ஆகிவிடவில்லை, அதற்காக நான் அனுப்பவும் இல்லை. டிபன் பாக்ஸ் பழைய இடத்துக்கு வந்துவிட்டது.

அப்படியானால் எதையும் நிலைநாட்ட வேண்டாமா என்பீர்கள். வேண்டும். ஆனால் எது அச்சாணியோ அதை. 'கிறிஸ்து உயிர்த்தெழவில்லை என்றால் நாங்கள் அறிவிப்பது வீண்' என்று பவுலே பந்தயம் கட்டுகிறார். உயிர்த்த கிறிஸ்துவை ஐந்நூறு பேருக்கு மேல் கண்டார்கள், பெரும்பாலோர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள் என்று அவர் கொரிந்தியருக்கு எழுதியது, சிலுவைச் சாவு நடந்து ஏறக்குறைய 20, 25 ஆண்டுகளில். வகுப்பில் இதை இப்படிச் சொன்னேன்: "2004 சுனாமியைப் பற்றி இன்று நான் பொய் எழுதினால் தேவனாம்பட்டினத்தில் எத்தனை பேர் எழுந்து வருவார்கள்? அவ்வளவு இடைவெளிதான்." உடனே ஒரு பையன், "கொரிந்து எங்கே, எருசலேம் எங்கே? யார் போய் விசாரிப்பார்கள்?" என்றான். நல்ல கேள்வி. அதே கடிதத்தைப் புரட்டினோம். கண்டவர்கள் பட்டியலில் வரும் கேபா என்கிற பேதுருவின் பெயர் கொரிந்தியருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது, அவர் பெயரைச் சொல்லிக் கட்சி கட்டும் அளவுக்கு. உரோமை வரலாற்றாசிரியர் தாசிட்டஸைப் பற்றியும் பேசினோம். கிறிஸ்தவத்தை மூடநம்பிக்கை என்று ஏசியவர், பிலாத்துவின் ஆட்சியில் கிறிஸ்து கொல்லப்பட்டதைப் பதிந்திருக்கிறார். அது சாவுக்குத்தான் சான்று, உயிர்ப்புக்கு அல்ல. உங்கள் கையேடு இரண்டையும் ஒன்றாகக் குழப்பியிருக்கிறது. விவரம் தெரிந்த ஒருவர் கேட்டால் பிள்ளை ஒரு நிமிடத்தில் மாட்டிக்கொள்ளும்.

சுனாமி என்று வாய்விட்டதன் பலனை அன்றே அனுபவித்தேன். "அது ஞாயிற்றுக்கிழமை, டீச்சர். கிறிஸ்துமஸுக்கு மறுநாள். என் பாட்டி அன்றுதான் போய்விட்டார். கடவுள் எங்கே இருந்தார்?" என்றான் ஒருவன். அவன் பாட்டியைப் பார்த்தவனே இல்லை, படத்தில் மட்டும்தான். 'கடவுள் சோதிக்கிறார்' என்கிறது கையேடு. என்னால் அதை அவன் முகத்தைப் பார்த்துப் படிக்க முடியவில்லை. தெரியாது என்றேன். விவிலியத்தில் எல்லாவற்றையும் இழந்து துன்பப்பட்ட யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் அவருடன் உட்கார்ந்திருந்தார்கள். வாயைத் திறந்ததும்தான் கெட்டார்கள், கடைசியில் கடவுளிடமே திட்டு வாங்கினார்கள். அந்தக் கதையை வாசித்துவிட்டு அன்றைய வகுப்பை முடித்துக்கொண்டோம்.

'நம் திருச்சபையில் சாதி இல்லை' என்ற பதிலுக்கு வகுப்பே சிரித்தது. வெளியாள் யாரும் அங்கே இல்லை, எல்லாரும் நம் வீட்டுப் பிள்ளைகள்தான். புதுச்சேரியில் சம்பா கோவில் என்கிற நம் தேவாலயத்துக்குள் சாதி பிரித்த சுவரை எதிர்த்து ஒடுக்கப்பட்ட கிறிஸ்தவர்கள் 1745-இல் குருவிடம் முறையிட்டதை ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். விசுவாசத்தை எடுத்து விளக்கியவர்கள் அவர்கள்தான். விளக்க வேண்டியிருந்தது நம்மிடமே. அந்தப் பக்கத்தைப் பாடத்தில் சேருங்கள்.

கையேட்டின் அட்டையில், நம்பிக்கையைக் குறித்துக் கேட்பவருக்குப் பதிலளிக்க ஆயத்தமாயிருங்கள் என்ற பேதுருவின் வசனத்தை அச்சிட்டிருக்கிறீர்கள். 'பணிவோடும் மரியாதையோடும்' என்று தொடர்வதற்கு இடம் போதவில்லை போலிருக்கிறது.

ஒப்பிக்கும் போட்டியை இந்த ஆண்டு நிறுத்திவையுங்கள். வகுப்பில் பாதி நேரத்தைப் பிள்ளைகளின் கேள்விகளுக்கு விடுங்கள். பெயர் எழுதாமல் சீட்டில் எழுதிப் போடட்டும். 'தெரியாது, விசாரித்துச் சொல்கிறேன்' என்று சொல்ல எங்களுக்கு அனுமதி கொடுங்கள்.

இன்னொன்று. தன் பேச்சு தனக்கே சலிக்கிறது என்று புலம்பிய கார்த்தேஜ் நகரத் திருத்தொண்டர் ஒருவருக்கு, புனித அகுஸ்தீன் சுமார் 400-ஆம் ஆண்டில் விரிவாக எழுதிய யோசனைகளில் ஒன்று, நின்று கேட்பவர் களைத்துப்போனால் உட்கார இடம் கொடு என்பது. எங்கள் வகுப்பு வராந்தாவில் நடக்கிறது. ஒன்பது மணிக்கெல்லாம் வெயில் வந்துவிடும். நான்கு பெஞ்சு கேட்டுத் தனியாகக் கடிதம் கொடுத்திருக்கிறேன்.

இயேசுவில் அன்புடன்,
ஒரு மறைக்கல்வி ஆசிரியை,
கடலூர்