வீட்டுக்குப் போகும் நாளில் அரை மணி நேரம்: மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். தென்மாவட்ட அரசு மருத்துவமனை ஒன்றின் மனநலப் பிரிவில் 22 ஆண்டுகள் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். வீட்டுக்குப் போகும் ஒவ்வொரு நோயாளிக்கும் அவர் வீட்டாருக்கும் மருந்தைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கச் செவிலியருக்கு அரை மணி நேரம் வேண்டும் என்ற ஒரே ஒரு கோரிக்கைக்காக இதை எழுதுகிறேன்.

ஒருநாள் இரவு அவசரப் பிரிவில் கூப்பிடுகிறார்கள் என்று ஓடினேன். பத்து நாள் முன்பு எங்கள் வார்டிலிருந்து வீட்டுக்குப் போனவர் கட்டிலில் கிடந்தார். முகமும் கழுத்தும் செக்கச்செவேலென்று சிவந்திருந்தன. வாந்தி நிற்கவில்லை, ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே போனது. அவருடைய மனைவி முந்தானையில் முடிந்திருந்த மாத்திரை அட்டையை அவிழ்த்துக் காட்டினார். டைசல்ஃபிரம். "தெரிந்தால் சாப்பிட மாட்டார் என்று ரசத்தில் பொடித்துப் போட்டேன் சிஸ்டர். குடியை நிறுத்துகிற மாத்திரைதானே இது?"

அந்த மாத்திரை குடிக்கும் ஆசையைப் போக்குவதில்லை. உடம்புக்குள் போன மது முழுவதும் சிதையாதபடி தடுத்து, இடையில் உண்டாகும் நச்சைத் தேங்க வைக்கிறது. அதனால் சாப்பிடுகிறவர் தெரிந்தே, சம்மதித்தே சாப்பிட வேண்டும். நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை மதுவைத் தொடக்கூடாது. மது கலந்த இருமல் மருந்துகூட ஆபத்து. எதையும் அறியாத அந்த மனிதர் மாலையில் ஒரு குவார்ட்டர் குடித்திருக்கிறார். பிழைத்துக்கொண்டார். ஆனால் அவர் மனைவியிடம் நான் சொல்லியனுப்பியது "தினமும் காலையில் ஒன்று" என்ற ஒரே வரி. அன்று ஆறு பேர் டிஸ்சார்ஜ், வார்டில் நான் ஒருத்தி. அந்தத் தவறு என்னுடையது. இன்றுவரை அது எனக்கு ஆறவில்லை.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், நோயாளியை அனுப்பும்போது மேற்கொண்டு சிகிச்சை எப்படி நடக்கும் என்பதை அவரோடும் குடும்பத்தோடும் கலந்து திட்டமிட வேண்டும் என்கிறது. சட்டத்தில் அது மனநல மருத்துவரின் பொறுப்பு. ஆனால் வெளிநோயாளிகள் வரிசை வாசலைத் தாண்டி நிற்கும்போது மருத்துவர் அங்கேதான் ஓட வேண்டியிருக்கிறது. கடைசியில் மாத்திரையைக் கையில் கொடுத்து அனுப்புகிறவர் செவிலியர்தான். சொல்லிக்கொடுப்பதற்கான நேரமோ அவருடைய பணிப் பட்டியலில் இல்லை.

அந்த அரை மணி நேரத்தில் என்னென்ன சொல்ல வேண்டும் தெரியுமா? மனநிலை ஏற்ற இறக்கத்துக்கான லித்தியம் மாத்திரை சாப்பிடும் சித்தாள் பெண்ணுக்குச் சித்திரை வெயிலில் வியர்வை கொட்டும். தண்ணீர் குறையக்கூடாது, யாரோ சொன்னார்கள் என்று திடீரென உப்பைக் குறைக்கக்கூடாது, உடம்பு வலிக்குக் கடையில் கேட்டு மாத்திரை வாங்கக்கூடாது. கை பெரிதாக நடுங்கினாலோ நடை தள்ளாடினாலோ வயிற்றுப்போக்கு வந்தாலோ உடனே வர வேண்டும். மனச்சோர்வு மாத்திரை பலன் தெரிய இரண்டு வாரத்துக்கு மேலாகும். இதைச் சொல்லாததால் ஐந்தாம் நாளே நிறுத்தியவர்கள் எத்தனையோ பேர்.

தினமும் குடித்தவரை வீட்டில் பூட்டிவைத்துக் குடியை நிறுத்தப் பார்க்கும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. இரண்டு மூன்று நாளில் அவர் சுவரில் பூச்சி ஊர்வதாகக் கத்துவார், போர்வையைப் பிய்ப்பார். பேய் என்று கோடாங்கியிடம் கூட்டிப்போவார்கள். குடியைத் திடீரென நிறுத்தியதால் வந்த, உயிர் போகக்கூடிய நிலை அது, மருத்துவமனையில் இருக்க வேண்டிய நேரம். முன்பு ஒருமுறை சிகிச்சைக்கு வந்தவரின் வீட்டுக்காவது இது தெரிந்திருக்க வேண்டாமா?

இன்னொன்று: மறுபடி குடித்துவிட்டால் வெட்கப்பட்டு வராமல் இருந்துவிடுகிறார்கள். "குடித்துவிட்டாலும் வாருங்கள், திட்ட மாட்டோம்" என்பதை அனுப்பும்போதே சொல்ல வேண்டும், அதுவும் வீட்டாரின் காதுபட.

மருந்து ஜன்னல் வரிசையில் நிற்க வைத்து இதையெல்லாம் சொல்ல முடியாது. வார்டுக்குப் பக்கத்தில் ஒரு சிறு அறையும் மூன்று நாற்காலியும் போதும். டிஸ்சார்ஜ் ஆகும் ஒவ்வொருவருக்கும் அரை மணி நேரத்தைச் செவிலியரின் கணக்கிலுள்ள பணியாக அறிவித்து, அதற்கேற்ப ஆட்களைக் கூட்டுங்கள். மருந்து உறையில் அரசின் மனநலத் தொலைபேசிச் சேவையான டெலிமனஸின் உதவி எண் 14416ஐப் பெரிய எழுத்தில் அச்சிடுங்கள்.

உத்தரவு போடும்போது இன்னொரு படிவமும் கையெழுத்துமாக இதை முடித்துவிட வேண்டாம். "நான் சொன்னதை நீங்கள் எனக்குத் திருப்பிச் சொல்லுங்கள் அம்மா" என்று கேட்டுவிட்டு, அவர்கள் சொல்லும் பதிலை அவர்களுடைய வார்த்தையிலேயே கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள். அன்று நான் அப்படிக் கேட்டிருந்தால், ரசத்தில் போடப் போவதை அந்த அம்மா என்னிடமே சொல்லியிருப்பார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மனநலச் செவிலியர் ஒருவர்