ஆடு, முயல் வளர்ப்போர் சங்கம், வேலூர் மாவட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25

தலைவர் அவர்களுக்கும் பொருளாளர் அவர்களுக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு இந்த அறிக்கையின் நகல் வீட்டுக்கே கொடுத்து அனுப்பப்படும்.

மாதக் கூட்டம் தவறாமல் கூட்டப்பட்டது. ஜூலை 6 அன்று கால்நடை மருந்தகத்தில் நடந்த இலவச வெறிநோய்த் தடுப்பூசி முகாமுக்கு நம் நாய்களைக் கொண்டுபோனோம். ஆடுகளுக்கு ஆட்டுக்கொல்லி, துள்ளுமாரி நோய்களுக்கான தடுப்பூசிகள் போட்டாயிற்று. ஒடுகத்தூர் வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு எல்லோரும் சேர்ந்து வண்டி பிடிப்பது தீபாவளி வரை நடந்தது, அப்புறம் ஆள் சேரவில்லை.

இனி நாய்களுக்கு நாடாப்புழு மாத்திரை கொடுக்கும் விஷயம். இதை ஒரு வரியில் முடிக்க எனக்கு மனம் வரவில்லை.

போன ஆண்டு தை மாதத்தில் நம் உறுப்பினர் ஒருவரின் பட்டியில் ஏழு மாதச் செம்மறிக் குட்டி ஒன்று கட்டுத்தறியை இடப்பக்கமாகவே சுற்றிச் சுற்றி வந்தது. தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. தழையை வாயருகே நீட்டினால் கவ்வத் தெரியாமல் நின்றது. மூக்குப் புழு என்றார் ஒருவர், காத்து கருப்பு என்றார் இன்னொருவர். கால்நடை மருத்துவர் வந்து கட்டைவிரலால் மண்டையை அழுத்திக் காட்டினார். ஓரிடத்தில் எலும்பு மெலிந்து, பழுத்த பழம் போல உள்ளே அமுங்கியது. மூன்றாம் நாள் குட்டி போய்விட்டது. மண்டையைத் திறந்தபோது மூளையை ஒதுக்கித் தள்ளிக்கொண்டு, கோழிமுட்டை அளவில் தெளிந்த நீர் நிறைந்த பை ஒன்று இருந்தது. அதன் சவ்வில் நொய்யரிசி தூவியதுபோல் கொத்துக் கொத்தாக வெள்ளைப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு நாடாப்புழுவின் தலை என்றார் மருத்துவர். அந்தத் தலையை நாய் தின்றால் நாயின் குடலில் புழு வளரும். நாய் கழிக்கும் மலத்தில் முட்டை வரும். முட்டை புல்லில் ஒட்டும், அதை ஆடு மேயும். அந்தச் சுற்று அப்படியே நம் பட்டிக்குள் நடந்துகொண்டிருந்தது.

அன்றுதான் எனக்கு உறைத்தது. ஆண்டுக்கு மூன்று முறை ஆட்டுக்குக் குடற்புழு மருந்து ஊற்றிவிட்டு, வேலை முடிந்தது என்று இருபது வருடமாக நம்பிக்கொண்டிருந்தவன் நான். ஆட்டின் குடலில் இருக்கும் புழுவுக்குத்தான் அந்த மருந்து. மூளையிலும் ஈரலிலும் உட்கார்ந்துவிட்ட பையை அது ஒன்றும் செய்யாது. வைத்தியம் நாய்க்குத்தான் செய்ய வேண்டும்.

நாயின் நாடாப்புழு ஒரு வகை அல்ல. ஒன்று மூளைக்குப் போகிறது. ஒன்று குடலை மூடிய கொழுப்புச் சவ்வில் நீர்ப்பையாகத் தொங்குகிறது, கெடா அறுப்பவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். இளங்குட்டி அதன் முட்டையை நிறைய விழுங்கிவிட்டால், ஈரலைத் துளைத்துக்கொண்டு போகும் புழுக்களாலேயே செத்துப் போகும். மூன்றாவதுதான் மோசம். முழுதாக வளர்ந்தும் அரிசிமணி அளவுகூட இல்லாத புழு, ஒரே நாயின் குடலில் ஆயிரக்கணக்கில் இருக்கும். அதன் முட்டை ஆடு, மாடு, பன்றிக்கு மட்டுமல்ல, மனிதனுக்கும் ஈரலிலும் நுரையீரலிலும் நீர்க்கட்டி வைக்கும். அந்தக் கட்டி வருடக்கணக்கில் மெல்ல வளரும். வயிற்றுக்குள் உடைந்தால் உயிருக்கே ஆபத்து.

முயல் வளர்ப்பவர்கள் இது நமக்கில்லை என்று இருந்தார்கள். ஆவணியில் ஓர் உறுப்பினர் வீட்டில் நியூசிலாந்து வெள்ளை முயல் அறுத்தபோது, குடல் சவ்வில் பட்டாணி பட்டாணியாக நீர்க்குமிழிகள் திராட்சைக் கொத்துப் போலத் தொங்கின. ஈரலில் வெள்ளைக் கோடுகள். முயல் கூண்டை விட்டு இறங்கியதே இல்லை. ஆனால் புல் எங்கிருந்து வந்தது? தெருநாய்கள் கால்தூக்கும், மலம் கழிக்கும் அதே ஏரிக்கரை வரப்பிலிருந்து. அறுத்த முயலின் குடல் எங்கே போனது? வாசலில் நிற்கும் நாய்க்கு. அவரிடம் நான் கோபமாகப் பேசியது உண்மை. பிறகு வருத்தம் தெரிவித்தேன், அதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

புரட்டாசியில் தொடங்கி இரண்டு மாதத்துக்கு ஒரு ஞாயிறு மாத்திரை நாள் நடத்தினோம். பிராசிகுவாண்டெல் மாத்திரை, பத்துக் கிலோ எடையுள்ள நாய்க்கு 50 மில்லிகிராம். கருவாட்டுத் துண்டுக்குள் வைத்துக் கொடுத்தால் துப்பாமல் விழுங்குகிறது. மருந்து புழுவைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது. அதனால் அடுத்த இரண்டு நாள் மலத்தை அள்ளி ஆழமாகப் புதைக்க வேண்டும். அள்ளியவர்கள் மூன்று பேர். பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள், சொல்லவில்லை. ஆனால் சங்கம் அவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறது.

அறுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் மூடி போட்ட கழிவுக்குழி ஒன்றும் வெட்டினோம். பை விழுந்த ஈரலையும் குடலையும் அதில் போடச் சொன்னோம். முதல் மாதம் போட்டார்கள். அப்புறம் மூடியைத் தூக்கச் சோம்பலோ என்னவோ, பழையபடி வேலியோரம் எறிந்தார்கள். நாய்க்குப் போட்டே ஆக வேண்டுமானால் அரை மணி நேரம் நன்றாகக் கொதிக்க வைத்துப் போடுங்கள். அதற்குமேல் எளிதாக என்னால் சொல்ல முடியவில்லை.

மாத்திரை நாளுக்கு அழைத்தபோது அதிகம் கேட்ட பதில், "எனக்கு நாய் இல்லை செயலாளர் சார்" என்பது. நாய் இல்லாதவர் வீட்டு ஆட்டுக்கும் இதே புல்தான். தெருநாய்க்கு உரிமையாளர் இல்லை, அதற்கு எறியும் குடலுக்கு உண்டு. அறிவிப்புப் பலகையில் நான் எழுதிய தாளை ஒருவர் கிழித்தார். இப்படி எழுதினால் சந்தையில் நம் ஆட்டை யார் வாங்குவார் என்றார். அவர் பயம் எனக்குப் புரிகிறது, அவருக்கும் பிழைப்பு இதுதான். ஆனால் ஆட்டுக்கறி தின்பதால் மனிதனுக்கு அந்த நீர்க்கட்டி வருவதில்லை. நாயைத் தடவிய கையைக் கழுவாமல் சோற்றில் வைப்பதால் வருகிறது, கழுவாத கீரையால் வருகிறது. இதைத்தான் தாளில் எழுதியிருந்தேன். மீண்டும் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சுருக்கமாகச் சொன்னால் வந்தது செலவாகிவிட்டது, கையிருப்பு மிகக் குறைவு. ஆண்டுச் சந்தா 300 ரூபாய். உறுப்பினர்களில் பாதிக்கு மேல் இன்னும் கட்டவில்லை, சிலர் இரண்டு ஆண்டாகக் கட்டவில்லை. அவர்களில் மாத்திரை நாளில் முதல் ஆளாக வந்து வாங்கிப் போனவர்களும் உண்டு. இரண்டு முறை மாத்திரைக்கு என் கைப்பணம் போட்டேன். திருப்பிக் கேட்கவில்லை, கணக்கில் இருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

மருத்துவருக்கும், குழி வெட்ட இடம் கொடுத்தவருக்கும், கூட்டத்துக்குப் பாய், தேநீர் ஏற்பாடு செய்தவர்களுக்கும் நன்றி.

வரும் ஆண்டில் செயலாளர் பொறுப்பை வேறு ஒருவர் ஏற்றால் மகிழ்ச்சியோடு ஒப்படைப்பேன். யார் ஏற்றாலும் ஒன்று மட்டும் விடக்கூடாது. வைகாசி முதல் தேதி குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. அதையொட்டி நம் ஊர்ப் பக்கமும் வீட்டுக்கு வீடு கெடா வெட்டு நடக்கும், தெருநாய்கள் வயிறு நிறையும். அன்று நாய் விழுங்கிய பையிலுள்ள புழு வளர்ந்து முட்டை போட ஏறக்குறைய ஆறேழு வாரம் ஆகும். அதற்கு முன் மாத்திரை உள்ளே போய்விட்டால் அந்த முட்டை புல்லுக்கு வராது. ஆகவே ஆனி மாதம் முதல் ஞாயிறு, காலை ஏழு மணி, ஏரிக்கரை. மாத்திரை வாங்கப் பணம் வைகாசிக்குள் வேண்டும். சந்தாப் புத்தகம் பொருளாளரிடம் இருக்கிறது, இன்று கூட்டம் முடிந்ததும் மேசையில் திறந்து வைத்திருப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்