தானே புயல்ல போன தூக்கு கெடச்சிடுச்சு, நீங்களும் பாருங்க

எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் பெருசா இருக்கும் முழுசா படிங்க. நேத்து பாண்டி காந்தி ரோடு சண்டே மார்க்கெட்டுக்கு பையனுக்கு பேன்ட் வாங்க போனேன், மழ தூறுச்சுன்னு ஒரு பழைய பாத்திரக் கடை தார்ப்பாய்க்கு கீழ ஒதுங்குனா காலுகிட்டயே ஒரு பித்தள தூக்கு, திருப்பி பாத்தா எங்க அம்மா பேரு!! அடுத்து 'தாய் வீட்டு சீர்'னு புள்ளி புள்ளியா வெட்டியிருக்கு, அதுல கடைசி ர் மேல புள்ளி விட்டுப்போயிருக்கும், அத வச்சுதான் நம்மளுதுன்னு உறுதியா தெரிஞ்சது.

2011 டிசம்பர் 30 விடியக்காலைல தானே வந்தப்ப கூரையோட அடுக்களையும் போச்சுல்ல, அப்ப காணாமப் போனது. அப்பா துறைமுகத்துக்கு வேலைக்கு போறப்ப இதுலதான் கஞ்சி எடுத்துட்டு போவாரு. அம்மா கையில குடுத்தேன், ஒண்ணுமே பேசல, முந்தானையால தொடச்சிகிட்டே இருந்தாங்க.

கடைக்கார அண்ணன் ரொம்ப நல்ல மனுஷன், விஷயத்த சொன்னதும் வாங்குன வெலைக்கே குடுத்துட்டாரு. கடலூர் பக்கம் எடைக்கு எடுத்த மூட்டையில வந்துச்சாம். அதே மூட்டையில பேரு வெட்டுன குடம், சொம்பு, அண்டான்னு இன்னும் கெடக்கு, எல்லாத்தயும் போட்டோ எடுத்து கீழ போட்டிருக்கேன். நம்ம மஞ்சக்குப்பம், முதுநகர், தேவனாம்பட்டினம் ஆளுங்க வீட்ல பெரியவங்ககிட்ட கண்டிப்பா காட்டுங்க. வர்ற ஞாயிறு வரைக்கும் உருக்க போடாம வச்சிருக்கேன்னு சொல்லியிருக்காரு. நான் காலைல 8 மணி பஸ்ஸுக்கு போறேன், வர்றவங்க சொல்லுங்க.