அரங்கேற்றம் ஒரு இரவுதான், டிஸ்க் இரண்டு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் களுவாஞ்சிக்குடிப் பக்கம் கலியாண வீடு, சாமத்திய வீடு, அம்மன் கோயில் சடங்கு, கூத்து அரங்கேற்றம் எல்லாம் வீடியோ எடுத்து வீட்டிலேயே எடிட் செய்து கொடுக்கிறவன். இப்போது ஊருக்கு இரண்டு மூன்று பொடியன்கள் கமரா வாங்கி இந்த வேலைக்கு வந்திருக்கிறார்கள், நல்ல விஷயம். ஆனால் பாகங்கள் வாங்கிக் கொம்பியூட்டர் பூட்டப் போகும்போது எல்லோரும் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "அண்ணே, எந்த எஸ்எஸ்டி ஸ்பீட் கூட?" எஸ்எஸ்டி என்பது சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிஸ்க். அந்தக் கேள்விக்கு நான் சொல்லும் பதில் கொஞ்சம் நீளம், அதனால்தான் உங்கள் பத்திரிகைக்கு எழுதுகிறேன்.

ஒரு கூத்து இரவையே கணக்குப் பார்ப்போம். இரவு ஒன்பதுக்குத் தொடங்கி விடிய ஐந்து வரை எட்டு மணித்தியாலம், இரண்டு கமரா. 4கே-யில் செக்கனுக்கு 100 மெகாபிட் என்று வைத்தால் ஒரு மணித்தியாலத்துக்கு 45 ஜீபி. இரண்டு கமராவுக்கும் சேர்த்து 720 ஜீபி வந்துவிடும். 1 டீபி என்று வாங்கும் டிஸ்க் விண்டோஸில் 931 ஜீபியாகத்தான் தெரியும், அதிலேயே விண்டோஸும் எடிட்டிங் மென்பொருளும் இருந்தால் ஒரே ஒரு கூத்தோடு நிரம்பிவிடும்.

இனி வேகம். அந்த 100 மெகாபிட் என்பது செக்கனுக்கு 12.5 எம்பிதான். இரண்டு கமராவையும் ஒன்றாக ஓட்டினாலும் 25 எம்பி. 7200 ஆர்பிஎம் ஹார்ட் டிஸ்க் சாதாரணமாகவே 150 எம்பிக்கு மேல் படிக்கும். அப்படியானால் எடிட் செய்யும்போது டைம்லைனில் படம் ஏன் இழுபடுகிறது? ஹார்ட் டிஸ்க்கின் சுழலும் தட்டைப் படிக்கும் ஹெட், இந்த கமராவின் ஃபைலுக்கும் அந்த கமராவின் ஃபைலுக்கும் மென்பொருள் தற்காலிகமாக எழுதும் கேஷ் ஃபைலுக்கும் ஓடி ஓடித் திரிவதால்தான். எஸ்எஸ்டியில் ஓடித் திரிய ஹெட்டே இல்லை, அதனால் 550 எம்பி தரும் சாட்டா என்ற சாதாரண வகை எஸ்எஸ்டி கூட இந்த வேலைக்குத் தாராளம். செக்கனுக்கு 3500, 7000 எம்பி என்று பெட்டியில் போட்டிருக்கும், என்விஎம்இ என்ற இன்னும் வேகமான எஸ்எஸ்டி நல்லதுதான், காசு இருந்தால் வாங்குங்கள், ஆனால் இரண்டு கமரா கூத்து வீடியோவில் அந்த 3500க்கும் 7000க்கும் இடையில் கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம் பெரிதாக இராது. அந்த மேலதிகக் காசுக்கு ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள் என்பதுதான் நான் எல்லோருக்கும் சொல்வது.

ஏன் இப்படி அழுத்திச் சொல்கிறேன் என்றால், நான் ஒன்றை இழந்தவன். எங்கள் பக்கத்து ஊரில் கூத்துப் பழக்கும் அண்ணாவியார் ஒருவர், மத்தளத்தை இடுப்பில் கட்டி நின்றாரென்றால் விடியும்வரை இறக்க மாட்டார், அவருடைய கடைசி அரங்கேற்றத்தை நான்தான் எடுத்தேன். முழுவதையும் ஒரு 4 டீபி யூஎஸ்பி டிஸ்க்கில் போட்டு வைத்தேன், அது மட்டும்தான். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் நின்றதே, அந்த நாட்களில் யூபிஎஸ் (கரண்ட் நின்றாலும் கொஞ்ச நேரம் தாங்கும் பெட்டரி) இல்லாமல் வேலை செய்ததில் எழுதிக்கொண்டிருக்கும்போதே அந்த டிஸ்க் பல தடவை அணைந்தது. அதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒருநாள் செருகியதும் உள்ளே நகத்தால் தட்டுவது போல டிக், டிக், டிக் என்று ஒரு சத்தம், பிறகு கொம்பியூட்டரில் அது தெரியவே இல்லை. கொழும்புக்குக் கொண்டுபோய்க் காட்டினேன், தட்டில் கீறல் விழுந்துவிட்டது, ஒன்றும் எடுக்க முடியாது என்றார்கள். அதற்கு முந்திய வருடமே அண்ணாவியார் காலமாகிவிட்டார்.

கலியாண வீடியோ போனால் மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஏசுவார்கள், காசைத் திருப்பிக் கொடுக்கலாம். மாதக்கணக்காகப் பழகி ஒரு இரவு ஆடுகிற கூத்தை யார் திருப்பி ஆடித் தருவார்கள்? 2004 சுனாமியில் கல்லடி, நாவலடி, மருதமுனை என்று கரை நெடுக எத்தனை வீட்டு அல்பங்கள் போயின என்பது நமக்குத் தெரியும். அந்தப் படங்களுக்கு இன்னொரு பிரதி இருக்கவில்லை.

ஆகவே தம்பிமார்களே, என்னுடைய ஏற்பாடு இதுதான். விண்டோஸுக்கு ஒரு சின்ன எஸ்எஸ்டி, இப்போது ஓடுகிற வேலைக்கு 2 டீபி எஸ்எஸ்டி, வேலை முடிந்ததும் கொண்டுபோய் வைக்க ஒரு பெரிய ஹார்ட் டிஸ்க், அதே அளவில் இன்னொன்று வேறு வீட்டில். என்னுடையது அக்கா வீட்டு அலுமாரியில் இருக்கிறது. இரண்டு இடத்தில் ஏறும்வரை கமரா கார்டை அழிப்பதில்லை. யூஎஸ்பி டிஸ்க்குக்குச் செக்கனுக்கு 100 எம்பி போனாலும் 720 ஜீபிக்கு இரண்டு மணித்தியாலம் ஆகும், படுக்கப் போகும்போது போட்டுவிட்டுப் போகலாம், ஆனால் யூபிஎஸ் கட்டாயம். எஸ்எஸ்டியை மட்டும் நம்பி வருடக்கணக்காக அலுமாரியில் வைக்காதீர்கள், கரண்ட் படாமல் கிடந்தால் நாள்போக்கில் அதில் உள்ளது அழியக்கூடும்.

மலிவான எஸ்எஸ்டி பற்றியும் சொல்ல வேண்டும். கியூஎல்சி என்ற வகை முதல் கொஞ்ச ஜீபியைப் பறந்து எழுதும், வேகமாக எழுதுவதற்கென்று அதில் உள்ள சிறு பகுதியான கேஷ் நிரம்பியதும் ஹார்ட் டிஸ்க்கை விட மெதுவாகிவிடுவதும் உண்டு. ஹார்ட் டிஸ்க்கில், தடங்களை ஒன்றின் மேல் ஒன்று சற்று ஏறும்படி எழுதும் எஸ்எம்ஆர் வகைக்கும் இதே குணம். பெரிய தயாரிப்பாளர்களே சில மாடல்கள் எஸ்எம்ஆர் என்பதைச் சொல்லாமல் விற்றதை 2020இல்தான் ஒத்துக்கொண்டார்கள்.

கடைக்காரரிடமும் ஒரு வேண்டுகோள். பில்லில் "4 டீபி ஹார்ட் டிஸ்க்" என்று மட்டும் எழுதாமல் மாடல் நம்பரையும், புதிதா பாவித்ததா என்பதையும் எழுதிக் கொடுங்கள். வாங்குகிறவர்கள் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டால் டிஸ்க் எத்தனை மணித்தியாலம் ஓடியது என்று காட்டும். அந்தக் கணக்கை அழித்துவிட்டு விற்பவர்களும் இருக்கிறார்கள் என்பதால் முழு டிஸ்க்கையும் ஒருதரம் எழுதிப் படித்துச் சோதித்த பிறகே வேலைக்கு எடுங்கள்.

அண்ணாவியாரின் மகன் அந்தக் கடைசி அரங்கேற்ற இரவு கூத்துக் களரியின் ஓரத்தில் நின்று ஃபோனில் பதினொரு நிமிடம் எடுத்திருந்தார். படம் ஆடுகிறது, மத்தளச் சத்தம் மட்டும் தெளிவு. அதை வாங்கி இரண்டு டிஸ்க்கிலும் ஏற்றி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
வீடியோ எடிட்டர் ஒருவர்,
களுவாஞ்சிக்குடி, மட்டக்களப்பு.